ஓடுவதற்காகக் கோழிக்கோடு போனோம்

சனிக்கிழமை, விடியும் நேரம், கோயம்புத்தூர் ஜங்ஷன்

மங்களூர் வண்டி வருவதற்குள் எங்கள் பையை இரண்டு முறை திறந்து காட்டிவிட்டோம். வாசலில் ஒரு முறை, பிளாட்பாரத்தில் ஒரு முறை. 1998 டிசம்பர் அது. அந்த வருடம் பிப்ரவரியில் எங்கள் ஊரில் குண்டுகள் வெடித்ததிலிருந்து யாரும் யாருடைய பையையும் சாதாரணமாகப் பார்த்ததில்லை. டவுன் பஸ்ஸில் ஏறினால்கூட முதலில் குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்துவிட்டுத்தான் உட்காருவோம்.

இரண்டாவது முறை திறந்த போலீஸ்காரர் உள்ளேயிருந்து இரண்டு ஜோடி கேன்வாஸ் ஷூவை எடுத்தார்.

"எங்கீங்க போறீங்க?"

"கோழிக்கோட்டுக்குங்க," என்றார் என் கணவர்.

"என்ன விசேசமுங்க?"

"ஓட்டப்பந்தயமுங்க. இருபத்தொரு கிலோமீட்டர்."

"ஆரு ஓடறது?"

"நானும் இவங்களுந்தானுங்க."

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் சேலை கட்டியிருந்தேன், தலையில் மல்லிகை, கையில் புளிச்சோறு கட்டிய தூக்குப்போசி. ஷூவைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போட்டார். நம்பிய முகமாகத் தெரியவில்லை.

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் தெருவே நம்பவில்லை. என் கணவர் துரைசாமி சிங்காநல்லூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். மோட்டார் பம்புகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் தொழில். அவருக்குச் சர்க்கரை ஆரம்பமாகியிருக்கிறது, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். தனியாகப் போகமாட்டேன் என்று அவர் அடம்பிடித்ததால் நானும் போனேன். சிங்காநல்லூர்க் குளத்து மேட்டில் தொடங்கிய நடை, ஆறேழு மாதத்தில் ஓட்டமாகிவிட்டது. சுடிதாரும் ஷூவும் போட்டுக்கொண்டு முப்பத்தாறு வயதுப் பெண்ணொருத்தி விடியலில் ஓடினால் ஊர் சும்மா இருக்குமா? பால் வாங்க வரும் பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏனுங்க வசந்தி, ஊட்டுல ஏதாச்சும் பிரச்சனைங்களா? ரண்டு பேரும் ஆரத் தொரத்தீட்டு ஓடறீங்க?"

கோழிக்கோட்டில் அரை மராத்தான் நடக்கிறது, பெண்களும் ஓடலாம் என்று பட்டறைக்கு வந்த ஒரு கேரளக்காரர் சொன்னார். அவர் போன பிறகு என் கணவர் என்னிடம், "கடலும் பாத்த மாதிரி ஆச்சு, போய்ப்போட்டு வரலாமா?" என்று கேட்டார். கல்யாணமாகிப் பதினாலு வருடத்தில் நாங்கள் இருவர் மட்டும் எங்கும் போனதில்லை. போன இடமெல்லாம் கோயில், போன கூட்டமெல்லாம் சொந்தம். இப்போது மட்டும் ஏன் இவருக்குத் திடீரென்று கடல் ஞாபகம் என்று எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. ஆனாலும் சரி என்றேன். குழந்தைகளைச் சோமனூரில் என் தங்கை வீட்டில் விட்டோம். வழியில் திருட்டு நடக்கும் என்று அவர் சொன்னதால் தாலிச் சங்கிலியையும் அவளிடமே கொடுத்துவிட்டு மஞ்சள் கயிற்றில் தாலியைக் கோத்துப் போட்டுக்கொண்டேன்.

வண்டி வாளையாறு தாண்டும்போது வெளிச்சம் வந்தது. மலை இரண்டு பக்கமும் விலகி வழிவிட, எங்கள் வறண்ட காற்று அங்கேயே நின்றுகொண்டது. பாலக்காட்டில் ஏறிய வயதான தம்பதி, திரூர் போகிறவர்கள், எங்களுக்கு நேந்திரங்காய் சிப்ஸ் நீட்டினார்கள். என் கணவர் என் காதருகே குனிந்து, "வாங்காதெ. மயக்க மருந்து இருக்கும்," என்றார். அந்த அம்மாள் அதே பொட்டலத்திலிருந்து தானும் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் வாங்கிச் சாப்பிட்டேன். ஷொரணூர் வரை என் கணவர் என் கண்களையே பார்த்துக்கொண்டு வந்தார், எப்போது மூடும் என்று.

சனிக்கிழமை மதியம், கோழிக்கோடு

கோயம்புத்தூரிலிருந்து கோழிக்கோடு ஏறத்தாழ நூற்றெண்பது கிலோமீட்டர். வழியில் பாதி நேரம் பாரதப்புழை கூடவே வருகிறது. மணல் அதிகம், தண்ணீர் குறைவு. ஃபரோக்குப் பாலத்தில் முதன்முதலாக உப்புக் காற்று அடித்தது. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தபோது உடம்பெல்லாம் பிசுபிசுத்தது.

கடற்கரைக்குப் போகும் சாலையில் ஒரு லாட்ஜில் அறை கேட்டோம். நாள் வாடகை இருநூறு ரூபாய். மேனேஜர் ஐம்பது வயதுக்காரர், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுப் பேசுகிறவர். மலையாளம் கலந்தாலும் புரியும்படி தமிழ் பேசினார்.

"எந்த ஊரு?"

"கோயம்புத்தூருங்க."

பேனா நின்றது. "கோயம்புத்தூரா?" என்று ஒரு முறை கேட்டுவிட்டு, என் கழுத்தைப் பார்த்தார். கயிறு புதிது, மஞ்சள்கூட வெளுக்கவில்லை. முப்பத்தாறு வயதுப் பெண், நாற்பதைத் தொடும் ஆண், நேற்றுக் கட்டியதுபோல் தாலிக்கயிறு, ஒரே ஒரு பை. அவர் மனதில் ஓடியது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"கல்யாணம் கழிஞ்ஞு எத்தர நாளாச்சு?"

"பதினாலு வருசமுங்க," என்றேன் நான்.

"கொழந்தைகள்?"

"ரண்டுங்க."

"கூட வந்திட்டில்லே?"

"ஓட்டப்பந்தயத்துக்கு எதுக்குங்க கொழந்தைங்க?" என்றார் என் கணவர் கொஞ்சம் சூடாக. பிறகு ரேஷன் கார்டின் நகலை எடுத்து மேசைமேல் வைத்தார். மேனேஜர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார். போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஒரு நகல் போகும், இந்த வருடம் அப்படித்தான் சட்டம் என்றார்.

அறைக்குள் போனதும் என் கணவர் பூட்டை நாலு தடவை பூட்டித் திறந்தார். "இதுக்கு இன்னொரு சாவி அவன்கிட்ட இருக்கும். நாளைக்கு இங்க ஒண்ணும் வெச்சுப்போட்டுப் போகக்கூடாது," என்றார். எழுப்பிவிடச் சொல்லி மேனேஜரிடம் கேட்கலாமே என்றதற்கும் ஒப்பவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த டைம்பீஸை எடுத்து முறுக்கி ஜன்னலில் வைத்தார். பட்டறைச் சத்தத்திலும் கேட்கும்படியான டைம்பீஸ் அது. அறை முழுக்க அதன் சத்தம்தான்.

சனிக்கிழமை மாலை

பந்தயம் நடத்தும் விளையாட்டுக் கழகத்தினர் கடற்கரையில் பந்தல் போட்டிருந்தார்கள். நம்பர் எழுதிய துணியும் நாலு ஊக்குகளும் கொடுத்தார்கள். ஓட்டம் கடற்கரையில் தொடங்கி, கல்லாயிப் பாலம் தாண்டி, பன்னியங்கரை, மீஞ்சந்தை வழியாகப் பேப்பூர் துறைமுகம் வரை போய், வந்த வழியே திரும்ப வேண்டும்.

"பாதையப் பாத்துப்போட்டு வந்துரலாம்," என்று அவர் ஓர் ஆட்டோவை நிறுத்தினார். டிரைவர் பெயர் பாலன். பழனிக்கு வருடாவருடம் போகிறவராம், அதனால் தமிழ் புரியும் என்றார். வண்டி போய்க்கொண்டே இருந்தது. பேப்பூர் வருவதாக இல்லை. துறைமுகத்தில் மரக்கப்பல் ஒன்று பாதி கட்டிய நிலையில் விலாவெலும்போடு நின்றது. நான் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, சற்றுத் தள்ளி என் கணவரும் பாலனும் தலை குனிந்து என்னவோ பேசினார்கள். நான் திரும்பியதும் பேச்சு நின்றது.

"என்னுங்க பேசுனீங்க?"

"ஒண்ணுமில்லெ. வாடகை."

வாடகை பேசுகிறவர் கையால் சாலையையும் என்னையும் எதற்குக் காட்ட வேண்டும்? லாட்ஜ் வரும் வரை கேட்டேன். படியேறும்போதும் கேட்டேன். அவர் குரல் உயர்ந்தது, என் குரல் அதற்கு மேல் உயர்ந்தது. கீழே மேனேஜர் கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கடற்கரை

இன்னும் வெளுக்காத வானத்தின் கீழே முந்நூறு பேராவது கூடியிருந்தார்கள். பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர். பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். பைகளை வைக்கப் பந்தலில் இடம் இருந்தது. சீட்டுக் கொடுத்து வாங்கி அடுக்கினார்கள். என் கணவர் அந்த அடுக்கைப் பார்த்தார்.

"ஆரு எதைத் தூக்கீட்டுப் போனாலும் இவங்களுக்குத் தெரியாது. குடு, நான் வெச்சுப்போட்டு வாரேன்."

மணலில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகுக்கு அடியில் பையைத் தள்ளிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வந்தார். அறையில் எதையும் விடாததால் மாற்றுத்துணி, துண்டு, கடலை உருண்டை, டைம்பீஸ் எல்லாம் அதற்குள்தான். பையின் இரண்டு பக்கமும் ஜவுளிக்கடைப் பெயரும் கோயம்புத்தூர் என்ற ஊரும் இங்கிலீஷில் கொட்டை எழுத்தில் இருந்தன.

ஓட்டம் தொடங்கும் கோட்டுக்கு அருகே எல்லோரும் நெருங்கி நின்றோம். கொடியசைக்கக் கூப்பிட்டிருந்தவர் மேடை ஏறினார். அப்போதுதான் விசில் சத்தம். இரண்டு போலீஸ்காரர்கள் ஓடிவந்து, படகுகள் பக்கம் நின்ற கூட்டத்தைக் கையை விரித்து விரட்டினார்கள். யாரோ ஓடினார்கள், அதைப் பார்த்து மற்றவர்களும் ஓடினார்கள். மைக்கில் மலையாளத்தில் அவசரமாக ஏதோ சொன்னார்கள். எனக்குப் புரிந்தது ஒரே வார்த்தை: கோயம்புத்தூர்.

படகுக்காரர் ஒருவர், இருட்டில் ஓர் ஆள் தன் படகுக்கடியில் பையை ஒளித்துவைப்பதைப் பார்த்திருக்கிறார். கிட்டப் போய்க் காது கொடுத்திருக்கிறார். உள்ளே டிக் டிக் என்று சத்தம். பைமேல் கோயம்புத்தூர். அந்த வருடத்தில் அவர் வேறு என்ன நினைப்பார்?

என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். முகம் சாம்பல் பூத்திருந்தது.

"நம்ம பைதானுங்க. போய்ச் சொல்லுங்க," என்றேன்.

"இரு. பாக்கலாம்."

"என்னத்தப் பாக்கறது?"

"இத்தன பேரு இருக்கறாங்க. நம்மள அடிச்சுப்போடுவாங்க, அம்மணி. போலீஸ் புடிச்சுட்டா பட்டறை, கொழந்தைங்க..."

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஊரில் நாங்களும் சந்தேகம் வந்த ஆட்களை எப்படிப் பார்த்தோம் என்பது எனக்குத் தெரியும். சும்மா நின்றால் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடலாம் என்று எனக்கும் ஒரு கணம் தோன்றியது. பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண் தோழியின் தோளைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நான் கையைத் தூக்கிக்கொண்டு போலீஸ்காரர் பக்கம் நடந்தேன்.

"அது எங்க பைங்க. உள்ள இருக்கறது டைம்பீஸுங்க."

என்னைச் சுற்றி ஒரே நொடியில் வட்டமாக இடம் காலியானது. அவ்வளவு பேர் என்னைப் பார்த்து ஒரே சமயத்தில் பின்னால் நகர்ந்ததை என்னால் மறக்க முடியவில்லை. பின்னால் செருமல் கேட்டது. என் கணவர் வந்து என் பக்கத்தில் நின்றார்.

எஸ்.ஐ. இளவயதுக்காரர். பாலக்காட்டுப் பக்கம் வேலை பார்த்தவராம்; தமிழ் பேசினார். எதற்கு ஒளித்துவைத்தாய் என்று என் கணவரிடம் கேட்டார்.

"திருடு போயிருமுன்னுங்க."

"போலீஸ் நிற்கிற இடத்திலா?"

எஸ்.ஐ. எங்கள் முகங்களைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "அப்படியென்றால் நீங்களே போய்த் திறந்து காட்டுங்கள்," என்றார்.

கூட்டம் சாலைக்கு அந்தப் பக்கம் ஒதுங்கியிருந்தது. வெறும் மணலில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் படகை நோக்கி நடந்தோம். எங்கள் பை, எங்கள் டைம்பீஸ், நானே அடுக்கிய துணி. இருந்தும் பாதித் தூரத்தில் எனக்கு ஒரு எண்ணம் வந்தது: இவர் வைத்துவிட்டு வந்த பிறகு வேறு யாராவது அதற்குள் எதையாவது வைத்திருந்தால்? அந்த எண்ணம் அவருக்கும் வந்திருக்க வேண்டும். என் கையைப் பிடித்தார். சிங்காநல்லூர்த் தெருவில் எனக்கு நாலடி முன்னால் நடக்கிறவர், அத்தனை பேர் பார்க்க என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மண்டியிட்ட பிறகும் விடவில்லை. ஒற்றைக் கையால் ஜிப்பை இழுத்தேன்.

டிக் டிக் டிக். துண்டை விலக்கி டைம்பீஸை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. சாலைக்கு அந்தப் பக்கமிருந்து பெரிய பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது.

எஸ்.ஐ. பையைக் கொட்டிக் கவிழ்த்துப் பார்த்தார். கடலை உருண்டையைக்கூட உடைத்துப் பார்த்தார். லாட்ஜ் மேனேஜருக்கு ஆள் போனது. ஸ்கூட்டரில் வந்து இறங்கிய அவர் எங்களைப் பார்த்துவிட்டு எஸ்.ஐ.யிடம் சொன்னதை, எஸ்.ஐ. பிறகு எங்களுக்குத் தமிழில் சொன்னார். 'வந்தபோது எனக்கும் சந்தேகம் இருந்தது, ஓடிவந்த ஜோடி என்று நினைத்தேன். ஆனால் நேற்றுச் சாயங்காலம் இவர்கள் சண்டை போட்டதைக் கேட்டபோது, நிச்சயம் கல்யாணமாகிப் பதினாலு வருடம் ஆனவர்கள்தான் என்று தெரிந்துகொண்டேன்.'

இருந்தாலும் எழுத்து வேலை இருந்தது. கோயம்புத்தூருக்குப் போன் போட்டு விசாரிக்க வேண்டும். "ஒருவர் இருந்தால் போதும். அம்மா வேண்டுமானால் ஓடட்டும்," என்றார் எஸ்.ஐ.

"நீ ஓடு," என்றார் என் கணவர்.

"உங்கள உட்டுப்போட்டா?"

"எத்தன நாள் ஓடிப் பழகினே. போ அம்மணி."

இவ்வளவு எளிதாக அனுப்புகிறாரே என்று அந்த நிலைமையிலும் எனக்குச் சுருக்கென்றது. தாமதமாக அசைந்த கொடிக்குப் பின்னால், கூட்டத்தின் கடைசி ஆளாக ஓடத் தொடங்கினேன்.

கல்லாயி, பன்னியங்கரை, மீஞ்சந்தை, பேப்பூர்

கடலை வலது பக்கம் விட்டுச் சாலை போனது. எனக்குக் கடல் கண்ணில் படவே இல்லை. அவரை லாக்கப்பில் உட்கார வைத்துவிட்டார்களோ, போனை யாரும் எடுக்காவிட்டால் என்ன ஆகும், பட்டறையில் ஞாயிற்றுக்கிழமை யார் இருப்பார்கள் என்று இன்னோர் ஓட்டம் தலைக்குள் தனியாக ஓடியது.

கல்லாயிப் பாலத்தில் ஊறிய மரத்தின் வாடை. ஆற்றில் பெரிய பெரிய மரத்தடிகள் மாடுகள் மாதிரி மிதந்துகிடந்தன. தண்ணீர் கொடுக்கும் மேசையில் நின்றவர்கள் என் நம்பரைப் பார்த்துவிட்டு ஒருவர் காதில் ஒருவர் கிசுகிசுத்தார்கள். எனக்கு முன்பே செய்தி அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. தம்ளர் நீட்டிய கை கொஞ்சம் தயங்கிய மாதிரி இருந்தது. நானும் அந்தத் தண்ணீரைக் குடிக்கத் தயங்கினேன். பிறகு குடித்தேன். தாகத்துக்கு முன்னால் எந்தச் சந்தேகமும் நிற்காது.

மீஞ்சந்தை தாண்டியதும் வெயில் ஏறிவிட்டது. எங்கள் ஊர் வெயில் சுடும். இந்த வெயில் ஈரத்துணியைப்போல் உடம்பில் ஒட்டிக்கொள்கிறது. மூச்சு உள்ளே போவதற்கே கூலி கேட்டது. முன்னால் ஓடியவர்கள் திரும்பி எதிரே வந்தார்கள். ஒரு வீட்டு வாசலில் நின்ற பெண் உப்புத் தொட்ட எலுமிச்சைத் துண்டை என் கையில் திணித்தார். அவருக்கு நான் யார் என்று தெரியாது என்று நினைக்கிறேன். தெரிந்திருந்தாலும் கொடுத்திருக்கலாம்.

பேப்பூர் துறைமுகத்தில், அதே மரக்கப்பலுக்கு அருகில், பாலனின் ஆட்டோ நின்றது.

"சேச்சி, கேறிக்கோ," என்று பின் சீட்டைக் காட்டினார். "சார் நேற்றே சொல்லியிருக்கு. தளர்ந்தால் ஏற்றிக்கொண்டு வரணும் என்று. பைசாவும் தந்திட்டுண்டு."

சாலையையும் என்னையும் கை காட்டிப் பேசியது இதற்குத்தான். பாதியில் நான் உட்கார்ந்துவிடுவேன் என்று முந்தைய நாளே முடிவு கட்டி வண்டி ஏற்பாடு செய்திருக்கிறார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த சீட் நிழலில் இருந்தது. பார்க்கவே குளிர்ச்சியாக இருந்தது. ஏறியிருப்பேன். கோபம் மட்டும் இல்லாவிட்டால் நிச்சயமாக ஏறியிருப்பேன்.

"உங்க சாருக்கே வெச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினேன்.

அந்தக் கோபம் என்னைப் பன்னியங்கரை வரை கொண்டுவந்தது. அங்கே, எதிர்ப் பக்கத்தில், தனியாக ஓர் ஆள் ஓடிவந்தார். ஓடும்போது தோளை ஒரு பக்கம் சாய்க்கும் அந்தச் சாய்வைக் குளத்து மேட்டில் எத்தனையோ விடியலில் பார்த்திருக்கிறேன்.

"உட்டுட்டாங்களா?" என்றேன்.

"டீ வாங்கிக் குடுத்து உட்டாங்க. பக்கத்து ஊட்டு நம்பர் குடுத்தேன். அக்கா எடுத்துச் சொல்லிப்போட்டாங்க, ரண்டு பேரும் பைத்தியமாட்டக் காலையில ஓடுவாங்கன்னு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"பேப்பூர்ல ஒரு ஆட்டோ நிக்குது."

அவர் குனிந்து ஷூக் கயிற்றை இழுத்துக் கட்டினார்.

"எனக்குத்தானுங்களே?"

"உனக்கில்லெ. எனக்கு."

"பொய் சொல்லாதீங்க."

"நெசமாலும் எனக்குத்தான். சர்க்கரை எறங்கி நான் நடுரோட்டுல உழுந்தா நீ ஒருத்தி என்ன பண்ணுவெ? சொன்னா நீ ஓடவே உட்டிருக்கமாட்டெ."

அவர் பட்டறையில் தலைமுடியின் கனத்தையும் அளக்கும் கருவி இருக்கிறது. வியர்வை வழிந்த அந்த முகத்தை அளக்க என்னிடம் ஒன்றும் இல்லை. நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை.

"நான் உன்கூடத் திரும்பி வந்துரட்டுமா?"

"பேப்பூரத் தொட்டுப்போட்டு வாங்க. நான் முன்னால போறேன்," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறிய பிறகு

கடைசிக் கிலோமீட்டரில் காலும் தரையும் வேறுவேறாகத் தெரியவில்லை. நான் முடிவுக் கோட்டைத் தாண்டியபோது மைக்கில் மறுபடியும் கோயம்புத்தூர் என்றார்கள். கைதட்டல் கேட்ட பிறகுதான் மூச்சு விட்டேன். ஓடியதற்காகத் தட்டினார்களா, நான் வெடிக்காமல் திரும்பி வந்ததற்காகத் தட்டினார்களா என்பது தெரியவில்லை. கழுத்தில் பதக்கம் போட்டார்கள்.

பந்தலில் உட்கார்ந்து காத்திருந்தேன். கடைசியாக வந்த கல்லூரிப் பெண்களும் போய்விட்டார்கள். முடிவுக் கோட்டுக்கு மேலே கட்டியிருந்த வளைவுத் துணியை அவிழ்த்தார்கள். அவர் வரவில்லை. ஆட்டோவில் ஏறியிருப்பார் என்று நினைத்தேன். ஏறியிருந்தால் பரவாயில்லை என்றும் நினைத்தேன். பிறகு பாலனின் ஆட்டோ வந்தது. உள்ளே யாரும் இல்லை.

"சார் கேறியில்லா. நடந்து வரும்," என்றார் பாலன்.

அந்த ஆட்டோவிலேயே ஏறிப் போனேன். கல்லாயிப் பாலத்தில் அவரைப் பார்த்தேன். ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, குதிகாலைத் தரையில் வைக்காமல் நடந்துவந்தார். வண்டியைப் பார்த்ததும் தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாம் என்று. நான் இறங்கிக்கொண்டேன். எங்களுக்குப் பின்னால் ஆட்டோ உறுமிக்கொண்டே ஊர்ந்து வந்தது. கடலை உருண்டை ஒன்றைக் கொடுத்தேன். போலீஸ் உடைத்துப் பார்த்த பாதி.

கடற்கரையில் கழகத்து ஆள் ஒருவர் மட்டும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கடைசியாக ஒரு பதக்கம் பெட்டியில் இருந்தது. பேப்பூரில் நிறுத்தியிருந்த கழகத்து ஆட்கள் திரும்பிவிட்ட பிறகு போனவர், துறைமுகம் வரை முழுக்கப் போனார் என்பதற்கு யார் சாட்சி என்று அவர் கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். "ஞான் கண்டதா," என்று பாலன் ஆட்டோவிலிருந்தே குரல் கொடுத்தார். கழகத்து ஆள் என் கணவரின் பாதத்தைக் குனிந்து பார்த்தார். கொப்புளம் உடைந்து ரத்தமும் மணலும் ஒட்டியிருந்தது. மறுபேச்சில்லாமல் பதக்கத்தை எடுத்துக் கொடுத்தார்.

மதியம் சோற்றோடு கல்லுமக்காய் வறுவல் வந்தது. ஓட்டுக்குள் இருக்கும் பிராணியை என் கணவர் அதுவரை சாப்பிட்டதில்லை. முகர்ந்து பார்த்துவிட்டு என் பக்கம் தள்ளினார். நான் தின்று முடித்து உயிரோடு இருப்பதைப் பார்த்துவிட்டு இன்னொரு தட்டுக் கேட்டார். மிட்டாய்த் தெருவில் குழந்தைகளுக்கு அல்வா வாங்கினோம். கறுப்பு, சிவப்பு, பச்சை என்று கண்ணாடிமாதிரி பளபளத்தது. கிலோ அறுபது ரூபாய்.

சாயங்காலம் நொண்டிக்கொண்டே கடற்கரைக்குப் போனோம். பழைய கடல் பாலத்தின் இரும்புத் தூண்கள் மட்டும் தண்ணீருக்குள் வரிசையாக நின்றன. சிங்காநல்லூர்க் குளத்தில் எங்கே நின்றாலும் எதிர்க்கரை தெரியும். அங்கே யார் குளிக்கிறார்கள், யார் துவைக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். இங்கே பார்வை போய்த் தொட ஒன்றுமில்லை. அந்தப் படகுக்காரர் தன் படகருகே வலையை உதறிக்கொண்டிருந்தார். எங்களை அடையாளம் தெரிந்துகொண்டு எழுந்து நின்றார். சண்டைக்கு வருகிறோமோ என்று நினைத்திருப்பார். என் கணவர் போய் அவர் எதிரில் நின்றார்.

"நானா இருந்தாலும் அதத்தானுங்க சொல்லியிருப்பேன்," என்றார்.

படகுக்காரருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. பீடிக்கட்டை நீட்டினார். பீடி பிடிக்காத என் கணவர் ஒன்றை வாங்கிக் காதில் செருகிக்கொண்டார். பாதம் எரியும் என்று சொல்லியும் கேட்காமல், கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு அலைக்குள் போனார். உப்புத் தண்ணீர் கொப்புளத்தில் பட்டதும் அவர் போட்ட சத்தத்துக்குப் படகுக்காரர்தான் முதலில் சிரித்தார். அன்று அந்தக் கடற்கரையில் எங்களைப் பார்த்து யாராவது சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அப்படியே மணலில் படுத்துவிடலாம் போல நிம்மதியாக இருந்தது.

திங்கட்கிழமை காலை, திரும்பும் வண்டி

கோயம்புத்தூர் வண்டியில் கடல் பக்கத்து ஜன்னல் கிடைத்தது. கோழிக்கோட்டை விட்டதும் கல்லாயி ஆறு வந்தது. தள்ளித் தெரிந்த சாலைப் பாலத்தில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. மரத்தடிகள் அப்படியே மிதந்தன. பன்னியங்கரை வீடுகள், மீஞ்சந்தைக் கடைகள் எல்லாம் வரிசையாக ஓடி மறைந்தன. நாங்கள் காலையெல்லாம் மூச்சைக் கொடுத்து வாங்கிய தூரத்தை வண்டி, நான் தூக்குப்போசியைத் திறந்து மூடுவதற்குள் முடித்துவிட்டது. ஃபரோக்குப் பாலத்தின் கடகடப்பு கேட்டது.

என் கணவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தார். நெற்றியில் யோசனைக் கோடு.

"வசந்தி."

"என்னுங்க?"

"தூரம் கொஞ்சம் கம்மியா இருக்குமோ? சரியா அளந்திருப்பாங்கங்கறே?"

நான் செருப்பைக் கழற்றி, வீங்கிய இரண்டு பாதத்தையும் தூக்கி அவர் மடியில் வைத்தேன். எதிர் சீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"நீங்களே அளந்து பாருங்க," என்றேன்.

அவர் மடியிலிருந்து என் காலை இறக்கவில்லை. வாளையாறு வரை அப்படியே உட்கார்ந்து வந்தார்.